ஒரு பாட்டில் மண்ணும் நூறு என்ற எண்ணும்

"பி.காம். படிக்கிற உனக்கு மண் பரிசோதனையில் என்னப்பா வேலை?" என்று வகுப்பில் ஏற்கனவே கேட்டுவிட்டார்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஹாஸ்டலுக்குப் பக்கத்து பஸ் ஸ்டாப் ஓரமாக ஒரு பழைய பெட்ரோல் பங்க் இருந்தது. பல வருடமாக மூடிக் கிடந்தது. சில மாதங்களுக்கு முன் பொக்லைன் வைத்து அதன் பாதாளத் தொட்டிகளைத் தோண்டி எடுத்தார்கள். துருப்பிடித்த பெரிய இரும்பு உருளைகள். நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டே வேடிக்கை பார்த்தேன். தொட்டி போன பிறகு ஒருவர் குழிக்குள் இறங்கினார். கையில் உறை. சுவரிலிருந்து மண்ணைச் சுரண்டி, வாயகன்ற கண்ணாடி பாட்டிலில் இடைவெளி இல்லாமல் அமுக்கி, மூடி, சீட்டு ஒட்டி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். ஏதோ நகையைப் பூட்டி வைப்பது போல.

"அண்ணே, என்ன எடுக்கறீங்க?" என்றேன்.

"மண்ணுதாம்பா. லேப்புக்குப் போகுது. பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு பார்ப்பாங்க."

"இருந்தா?"

"நம்பரைப் பொறுத்துதான். கூட இருந்தா தோண்டணும். கம்மியா இருந்தா மூடிரலாம்."

அவருக்கு அது சாதாரண பதில். எனக்குத்தான் அன்று தூக்கம் போனது. எங்கள் ஹாஸ்டல் போர் அந்தக் குழியிலிருந்து தெரு தாண்டினால் வந்துவிடும். அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறோம், மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறார்கள். அந்த "நம்பரை" யார் முடிவு செய்தது? எப்போது? எப்படி? தேடிக்கொண்டே போனதில் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தேன். இந்தக் கதையின் பெரும்பகுதி நடந்தது அங்கேதான். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் தீப்பிடிக்கும் பொருள். ஆகவே ஊருக்குள் விற்பவர்கள் அதை மண்ணுக்குள் புதைத்து வைத்தார்கள். தீயணைப்புக் கணக்குப்படி அதுவே பாதுகாப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் காரும் நெடுஞ்சாலையும் பெருகியபோது மூலைக்கு மூலை பங்க் முளைத்தது. அந்தத் தொட்டிகளில் பெரும்பாலானவை வெறும் இரும்பு. பூச்சு கிடையாது, துருவைத் தடுக்கும் மின் ஏற்பாடும் கிடையாது. ஈர மண்ணில் வெறும் இரும்பைப் புதைத்தால் என்ன ஆகும் என்பதற்கு விஞ்ஞானி தேவையில்லை, நம் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் வாளியே போதும். ஊசி முனையளவு ஓட்டை விழும். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஒழுகினாலும் முதலாளிக்குத் தெரியாது. ஸ்டாக் கணக்கில் ஆவியானது, அளவுப் பிழை என்று எழுதிவிடலாம். (சரக்கு இருப்பில் "இயல்பான இழப்பு" என்று நாம் படிக்கிறோமே, அந்தத் தலைப்புக்குள் எத்தனை தொட்டிகள் ஒழுகியிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.)

1980 டிசம்பரில் அதிபர் கார்ட்டர் 'சூப்பர்ஃபண்ட்' என்று அழைக்கப்படும் சட்டத்தில் கையெழுத்திட்டார். நச்சுக் கழிவு கொட்டிய இடங்களைச் சுத்தம் செய்ய, அதற்குக் காரணமானவர்களிடமே பணம் வசூலிக்கும் சட்டம். ஆனால் அதன் வரையறையில் ஒரு விலக்கு உண்டு: கச்சா எண்ணெயும் பெட்ரோலியப் பொருட்களும் "அபாயகரமான பொருள்" கணக்கில் வராது. ஆக நாடு முழுக்க மண்ணுக்குள் இருந்த லட்சக்கணக்கான தொட்டிகள் அந்தச் சட்டத்தின் கைக்கு வெளியே நின்றன.

1983 டிசம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியில் "தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்" என்ற பொருளில் தலைப்பிட்ட ஒரு பகுதி ஒளிபரப்பானது. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் கானோப் பார்க் என்ற சிறிய குடியிருப்பு. அங்கே கிணறுதான் குடிநீர். அருகிலிருந்த பங்குகளின் கசிவு அந்தக் கிணறுகளில் கலந்திருந்தது. நாடே பார்த்தது. மறு வருடம், 1984 நவம்பரில், கழிவு மேலாண்மைச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்து, நிலத்தடித் தொட்டிகளுக்கென்றே தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. 1985 மே மாதத்திலிருந்து வெறும் இரும்புத் தொட்டியைப் புதைக்கவே தடை. அப்போது அமெரிக்க மண்ணுக்குள் இப்படிப்பட்ட தொட்டிகள் ஏறத்தாழ 20 லட்சம்.

நம் சப்ஜெக்ட் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 1986-ல் சுத்தம் செய்வதற்கென ஒரு நிதி உருவாக்கினார்கள். ஒரு காலன் எரிபொருளுக்கு 0.1 சென்ட் வரி. கேட்டால் சிரிப்பு வரும் தொகை. ஆனால் அமெரிக்கர்கள் எரிக்கும் அளவுக்கு அது ஆறாக ஓடியது. 1988 செப்டம்பரில் முழு விதிகள் வெளியாயின. பழைய தொட்டிகள் எல்லாவற்றுக்கும் பத்து வருட கெடு: 1998 டிசம்பர் 22-க்குள் துருத் தடுப்பு, வழிதல் தடுப்பு எல்லாம் செய், அல்லது மாற்று, அல்லது மூடு. கசிவு கண்டுபிடிக்கும் வசதியைத் தொட்டியின் வயதைப் பொறுத்து 1993-க்குள் செய்தாக வேண்டும். கூடவே இன்னொன்று. பங்க் நடத்துபவர், கசிவு நேர்ந்தால் ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர் வரை ஈடு கொடுக்கத் தன்னிடம் வழி இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

ஒரு சின்ன ஊர் பங்க் முதலாளி 10 லட்சம் டாலருக்கு எங்கே போவார்? இன்சூரன்ஸ்காரர்கள் ஓடி ஒளிந்தார்கள். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றுக்கு எவன் பாலிசி எழுதுவான்? கடைசியில் பல மாநிலங்கள் தாங்களே நிதி வைத்து அந்தப் பொறுப்பை ஏற்றன. அந்தப் பத்து வருடத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொட்டிகள் மூடப்பட்டன. செலவு தாங்காமல் தொழிலையே விட்டவர்களும் நிறைய. 1998 வாக்கில் உறுதியான கசிவுகளே மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தன. இன்றைக்கு அது 5 லட்சத்துக்கும் மேல்.

தொட்டியை மூடும்போது, கசிவு இருக்க அதிக வாய்ப்புள்ள இடத்தில் அளந்து பார்க்க வேண்டும் என்று விதி சொல்கிறது. என் பஸ் ஸ்டாப் அண்ணன் செய்தது அதைத்தான். ஆனால் எதை அளப்பது?

பெட்ரோல் என்பது ஒரே பொருள் இல்லை. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. டீசலும் அப்படியே, ஆனால் கனமான மூலக்கூறுகள். இதில் பென்சீன் புற்றுநோய் தரும் என்பது உறுதியான விஷயம். அமெரிக்கக் குடிநீரில் அதற்கு 1987-ல் வைத்த வரம்பு ஒரு லிட்டருக்கு 0.005 மில்லிகிராம். வேறு பல சேர்மங்கள் அந்த அளவு கெட்டவை இல்லை. மெழுகுவர்த்தியில் இருப்பதும் ஹைட்ரோகார்பன்தான். ஒவ்வொன்றாகப் பிரித்து அளக்க அன்றைக்குப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. லட்சக்கணக்கான குழிகள் காத்திருக்கின்றன. எனவே மொத்தமாக ஒரே எண் கேட்டார்கள். மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், சுருக்கமாக டி.பி.எச்.

அதற்குக் கையில் கிடைத்த முறை 418.1. இது 1970-களின் கடைசியில் கழிவு நீருக்காக எழுதப்பட்டது. மண்ணுக்காக இல்லை! அதை மண்ணுக்கு வளைத்துக்கொண்டார்கள். செய்முறை எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும். மண்ணை ஃபிரியான்-113 என்ற திரவத்தில் கலக்கி எண்ணெயைக் கரைத்து எடுக்க வேண்டும். சிலிக்கா ஜெல் போட்டால் பெட்ரோலியம் அல்லாத கொழுப்புகளில் பெரும்பாலானவை அதில் ஒட்டிக்கொள்ளும். மீதித் திரவத்தில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்ச வேண்டும். கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பிணைப்பு சுமார் 3.4 மைக்ரான் அலைநீள ஒளியை விழுங்கும். எவ்வளவு விழுங்கியது என்று பார்த்தால் எவ்வளவு எண்ணெய் என்று தெரியும். ஃபிரியானில் அந்தப் பிணைப்பே கிடையாது, அதனால் அது குறுக்கே வராது. அழகான ஏற்பாடு.

ஆனால் ஓட்டைகளைப் பாருங்கள். இலை, புல், மக்கிய குப்பை இவற்றில் இயற்கையான மெழுகு உண்டு. சிலிக்கா ஜெல்லைத் தாண்டி வரும் மெழுகும் அதே ஒளியை விழுங்கும். ஆக ஒரு சொட்டு பெட்ரோல் படாத தோட்ட மண்ணும் "அசுத்தம்" என்று ரிப்போர்ட் வாங்கலாம். மறுபக்கம், பெட்ரோலின் லேசான பகுதி பாட்டிலைத் திறந்து கலக்கும்போதே பறந்துவிடும். நாம் பயப்பட வேண்டிய பென்சீன் வகையறாவோ அந்த அலைநீளத்தில் சரியாகக் கண்ணில் படாது. அளவுகோலாக வைத்ததும் ஹெக்சாடெக்கேன், ஐசோஆக்டேன், குளோரோபென்சீன் மூன்றையும் 15:15:10 என்று கலந்த ஒரு செயற்கை எண்ணெய். உலகத்தில் எந்த பங்க்கிலும் விற்காத சரக்கு. அதாவது ஆபத்து குறைந்ததைக் கூட்டிக் காட்டி, ஆபத்து மிகுந்ததைக் குறைத்துக் காட்டக்கூடிய தராசு. இந்தத் தராசில் நிறுத்துத்தான் பலருடைய பங்க் இருக்குமா போகுமா என்று முடிவானது. சுத்தம் செய்யும் செலவு ஒரு லட்சம் டாலரைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் காலம் அது.

இதில் வேடிக்கை ஒன்று. ஃபிரியான்-113 ஓசோன் படலத்தை ஓட்டை போடும் சரக்கு. 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1996 முதல் அமெரிக்காவில் அதன் உற்பத்தி நின்றது. மண்ணில் மாசு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வானத்தை மாசுபடுத்திக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மாற்றாக 1999-ல் ஹெக்சேன் முறை வந்தது. ஹெக்சேனிலேயே அந்தப் பிணைப்பு உண்டு, ஆகவே அகச்சிவப்பு உதவாது. ஹெக்சேனை ஆவியாக்கி, அடியில் தங்கியதை எடை போடுவார்கள். ஹெக்சேன் ஆவியாகும்போது பெட்ரோலும் கூடவே போய்விடும் என்று சொல்லத் தேவையில்லை. கனமான எண்ணெய்க்கு ஓகே, பெட்ரோல் பங்க்குக்கு உதவாது.

இதற்குள் பல லேப்கள் கேஸ் குரோமட்டோகிராஃபுக்கு மாறியிருந்தன. கலவையை ஒரு நீண்ட மெல்லிய குழாய் வழியே ஓடவிட்டால் லேசானது முதலில் வெளியே வரும், கனமானது பின்னால் வரும். காகிதத்தில் மலைத்தொடர் மாதிரி கோடு விழும். அனுபவசாலி அதைப் பார்த்தே இது பெட்ரோல், இது டீசல், இது இலை மெழுகு என்று சொல்லிவிடுவார். 1980-களின் கடைசியில் கலிபோர்னியாவின் கள வழிகாட்டி இதைப் பரப்பியது.

கருவி நன்றாக இருந்து என்ன? பாட்டில் பிரச்சினை பாக்கி இருந்தது. மண்ணை பாட்டிலில் அள்ளிப் போட்டு லேப்புக்கு அனுப்பினால், வழியிலும் லேப்பில் மறுபடி திறக்கும்போதும் பென்சீன் போன்ற ஆவியாகும் பொருட்களில் பெரும்பகுதி காணாமல் போகிறது என்று ஆய்வுகள் காட்டின. 1997-ல் வந்த 5035 என்ற முறை இதை மாற்றியது. சிறு ஊசிக்குழாய் போன்ற கருவியால் சுமார் 5 கிராம் மண்ணைக் குத்தி எடுத்து, குழிக்குப் பக்கத்திலேயே மெத்தனாலில் போட்டுவிடு. அல்லது காற்றுப் புகாத உறையில் அடைத்து 48 மணி நேரத்துக்குள் லேப்பில் சேர். யோசித்துப் பாருங்கள். 1997-க்கு முன்பு சாதாரண பாட்டிலில் போய் "பென்சீன் இல்லை" என்று சான்று வாங்கிய இடங்கள் எத்தனை? அவற்றின் மேல் இன்று வீடும் கடையும் நிற்கும். ஆடிட்டிங்கில் நமக்குச் சொல்லித் தருவார்களே, சாம்பிள் தவறாக எடுத்தால் கணக்கு எவ்வளவு சரியாகப் போட்டாலும் பயனில்லை என்று. அதேதான்.

சரி, எண்ணுக்கு வருவோம். எத்தனைக்கு மேல் போனால் தோண்டணும்? பல மாநிலங்கள் ஒரு கிலோ மண்ணுக்கு 100 மில்லிகிராம் என்று வைத்தன. நூறு என்பது மனிதனுக்குப் பிடித்த முழு எண், அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மொத்த எண்ணிலிருந்து விஷத்தன்மையைக் கணக்கிட வழியே இல்லையே! வாஷிங்டன் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1991 விதியில் பெட்ரோலுக்கு 100, டீசலுக்கு 200. அதே மாநிலம் 2001-ல் டீசலின் எண்ணை 2000 ஆக்கியது. பெட்ரோலில் பென்சீன் கலந்திருந்தால் மட்டும் 100-ஐ 30 ஆகக் குறைத்தது. டீசல் மாசு 500 உள்ள ஒரு குழியை நினைத்துப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் தோண்டி, லாரியில் ஏற்றி, பணம் கட்டிக் கொட்ட வேண்டிய மண். இரண்டு வருடம் கழித்து அந்த எண்ணின்படி பாஸ். மண் மாறவில்லை.

இது லஞ்சம், ஊழல் என்று முதலில் நினைத்தேன். இல்லை. இடையில் விஞ்ஞானம் நடந்தது. 1994-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் மொத்த எண்ணைக் கைவிட்டு, ஹைட்ரோகார்பன்களை நேர்ச்சங்கிலி வகை, வளைய வகை என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தெரிந்த ஒரு பொருளின் விஷத்தன்மையை வைத்துக் கணக்கிடலாம் என்றது. 1993-ல் கூடிய ஒரு பணிக்குழு (அரசு, எண்ணெய்த் தொழில், பல்கலைக்கழகம் எல்லாரும் இருந்தார்கள்) மண்ணில் எப்படி நகரும் என்பதை வைத்து 13 பிரிவாகப் பிரித்து, 1997 முதல் புத்தகம் புத்தகமாக வெளியிட்டது. டீசலின் பெரும்பகுதி நினைத்த அளவு மோசமில்லை, பெட்ரோலின் சிறுபகுதி நினைத்ததைவிட மோசம் என்பதுதான் சாரம். வாஷிங்டனின் இரண்டு எண்களும் எதிரெதிர் திசையில் நகர்ந்ததற்குக் காரணம் அதுதான். எண்ணெய்த் தொழிலும் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது என்பதை மறக்க வேண்டாம், ஆனால் பென்சீன் எண் குறைந்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு திருப்பம் 1995 அக்டோபரில். கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் ஒரு அறிக்கை விட்டது. கசிந்த இடங்களின் தரவுகளைப் பார்த்ததில், நிலத்தடி நீரில் பென்சீன் பெரும்பாலும் 250 அடிக்கு மேல் பரவுவதில்லை, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன, எல்லா இடத்தையும் தோண்டத் தேவையில்லை என்றது. பங்க்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். மறு வருடமே சான்டா மோனிகா நகரம் தன் குடிநீர்க் கிணறுகளை மூடியது. ஊரின் தண்ணீரில் சுமார் பாதி போயிற்று. காரணம் பென்சீன் இல்லை, எம்டிபிஇ. காற்று மாசு குறையட்டும் என்று பெட்ரோலில் கலந்த பொருள். அது தண்ணீரில் சுலபமாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, நுண்ணுயிர்களும் லேசில் தொடாது. 250 அடிக் கணக்கு அதற்காகப் போட்டதே இல்லை. டி.பி.எச். எண்ணைப் பார்த்தாலும் அது தெரியாது. 1999 மார்ச்சில் கலிபோர்னியா ஆளுநர் அதை நிறுத்த உத்தரவிட்டார்.

மற்ற நாடுகளைப் பற்றி நிறைய எழுதலாம், ஒன்று மட்டும். நெதர்லாந்தில் 1980-ல் லெக்கர்கெர்க் என்ற ஊரில் ரசாயனக் கழிவு பீப்பாய்களின் மேல் குடியிருப்பு கட்டியிருந்தது தெரியவந்து, மக்களை வெளியேற்றினார்கள். அதன் விளைவாக மண்ணுக்கான வரம்புப் பட்டியல் பிறந்தது. அதில் கனிம எண்ணெய்க்கு, தலையிட்டே ஆக வேண்டிய அளவு 5000 மில்லிகிராம். சொந்தப் பட்டியல் இல்லாத நாடுகளில் ஆலோசகர்கள் இந்த டச்சுப் பட்டியலைத்தான் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

நமக்கும் இது தூரத்து விஷயமில்லை. 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் போர் தண்ணீரில் எண்ணெய் வந்தது. பூமிக்குள் போன குழாயின் கசிவு. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. கிணற்று நீரில் எண்ணெயும் கிரீஸும் எவ்வளவு என்ற லேப் ரிப்போர்ட்டுகளே அங்கே முக்கிய சாட்சி. மாசடைந்த இடங்களை நிர்வகிக்க இந்தியாவில் தனி விதிகள் அறிவிக்கப்பட்டது 2025 ஜூலையில்தான்.

போன வாரம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். குழியை மூடி சமன் செய்துவிட்டார்கள். ஓரத்தில் ஒரு டீக்கடை வண்டி நிற்கிறது. ரூம் மேட்டின் தையல் டேப்பை வாங்கிக்கொண்டு போய், குழி இருந்த இடத்திலிருந்து ஹாஸ்டல் போர் வரை அளந்தேன். (வாட்ச்மேன் தாத்தா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.) 310 அடி. 250-க்கு வெளியேதான் இருக்கிறோம் என்று ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் நினைவு வந்தது, அந்த 250 வேறு மண்ணில், வேறு பெட்ரோலை வைத்து அளந்தது. இப்போது நம் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம். எத்தனால் இருந்தால் நுண்ணுயிர்கள் முதலில் அதைத்தான் தின்னும், பென்சீன் அதற்குள் இன்னும் கொஞ்ச தூரம் நடந்துவிடும் என்கிறார்கள். எங்கள் பழைய பங்க்கில் இருந்தது எத்தனால் கலக்காத காலத்துச் சரக்காக இருக்கலாம். வார்டன் சாரிடம் போர் தண்ணீரில் பென்சீன் டெஸ்ட் எடுக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம், பதினெட்டு பேர் கையெழுத்து. சாம்பிளை எந்த பாட்டிலில் எடுக்க வேண்டும், குமிழி இல்லாமல் எப்படி நிரப்ப வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் லேப்பில் சேர்க்க வேண்டும் என்பதையும் இரண்டாம் பக்கத்தில் எழுதிவிட்டேன்.